நான்காவது கட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். 1992இல் நிர்வாகவியல் அறிஞர்கள் காப்லானும் நார்ட்டனும் கொண்டுவந்த 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' என்ற மதிப்பீட்டு அட்டை முறையில்தான் எங்கள் பிரிவுகளை மதிப்பிடுகிறோம். நிதி, வாடிக்கையாளர், உள்நடைமுறை, கற்றலும் வளர்ச்சியும் என நான்கு கட்டங்கள். கட்சிகளையும் இப்படி அளந்தால் என்ன? வாக்காளர்தான் வாடிக்கையாளர், வாக்கு சதவீதம்தான் சந்தைப் பங்கு.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது என்பதில்தான் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

திமுக 1949இல் தொடங்கியது. 1952 பொதுத்தேர்தலில் அது நிற்கவில்லை. நிற்பதென்று முடிவெடுத்ததே 1956 திருச்சி மாநாட்டில்தான். உங்கள் அட்டையில் அத்தனை ஆண்டும் சந்தைப் பங்கு பூஜ்யம். 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். கட்சிக்கோ 50 இடங்கள். 1967இல் 137 இடங்களோடு ஆட்சி. பூஜ்யமாகத் தெரிந்த ஆண்டுகளில் நிரம்பிக்கொண்டிருந்தது உங்கள் நான்காவது கட்டமான கற்றலும் வளர்ச்சியும்.

என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கட்சிப் படிப்பகம் ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தையல்கடை அண்ணன் ஒருவர் உரக்க வாசிப்பார். முதலில் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். அடுத்த வருஷம் தெருமுனைக் கூட்டத்தில் மைக் பிடித்து அரைமணி நேரம் பேசினார். பேப்பர் காசில் அவர் பங்கும் உண்டு, சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவதும் அவர்தான். அவர் ஊழியரா, வாடிக்கையாளரா? உங்கள் அட்டையில் அவருக்கு இடமே இல்லை. கட்சி என்பதோ அவர்தான்.

சந்தைப் பங்குக் கணக்கும் இங்கே ஒத்துவராது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் பம்ப் பிடிக்காதவர் வேறு பம்ப் வாங்கிக்கொள்வார். தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவருக்கு வேறு அரசாங்கம் கிடைக்காது. ஜெயித்தவர் ஆட்சியில்தான் அவரும் ரேஷன் வாங்கியாக வேண்டும்.

நிதிக் கட்டத்துக்கு ஓரளவு தரவு இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தணிக்கைக் கணக்கும் கொடுக்கிறார்கள். கற்றலுக்குத்தான் எவரும் கணக்கு வைப்பதில்லை. கிளையில் தொடங்கி வேட்பாளர் ஆனவர்கள் எத்தனை பேர்? பொதுக்குழுவில் தலைமைக்கு மாற்றுக் கருத்துச் சொன்ன பிறகும் பொறுப்பில் நீடிப்பவர்கள் எத்தனை பேர்? இவையும் எண்களே. நீங்கள் ஒரு படிவம் தயாரித்தால் நானும் கூட உட்காருகிறேன்.

முதலில் உங்கள் வார்டில் எல்லாக் கட்சிகளின் வட்டச் செயலாளர்களையும் பாருங்கள். அந்தப் பதவிக்குக் கடைசியாகப் போட்டி நடந்து ஓட்டு எண்ணியது எந்த வருஷம் என்று கேட்டு எழுதுங்கள்.