சலுகை விதியில் ஓட்டை இருந்தால் எதுவரை போகலாம்?

கேள்வி: ஒரு பொருளுக்குத் தரும் வெகுமதிப் புள்ளிகளின் மதிப்பு, அதன் விலையைவிட அதிகம். விதிமுறையில் தடை எதுவும் தென்படவில்லை. வாங்கிக் குவிக்கலாமா?

பதில்: கணக்கு சரியென்றால் வாங்கலாம். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, புள்ளிகள் ஏறுகின்றனவா, ஏறியவற்றைச் செலவழிக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். புள்ளி ஏறிவிட்டதை நம்பி மொத்தமாக வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

விதிமுறையில் உச்சவரம்பு, 'ஒரு முகவரிக்கு ஒருமுறை', விலக்கப்பட்ட பொருள்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். 'முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமை உண்டு' என்ற வரி அநேகமாகக் கடைசியில் இருக்கும். அது இருந்தால் புள்ளிகளைச் சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் செலவழியுங்கள். வாங்கும் நாளிலேயே விதிமுறைப் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மறுநாள் அந்தப் பக்கம் மாறியிருக்கலாம்.

1999இல் அமெரிக்காவில் ஓர் உணவு நிறுவனம், 10 பார்கோடு அனுப்பினால் 500 விமான மைல் (விமான டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வெகுமதிப் புள்ளி), சீக்கிரம் அனுப்பினால் 1,000 என்று அறிவித்தது. பொருளின் விலை எவ்வளவு இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியப் பொறியாளர் ஒருவர் 25 சென்ட் புட்டிங் கிண்ணங்களாகப் பார்த்து 12,150 வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். பொய்ப்பெயர் இல்லை, கேட்டதைக் கேட்டபடி அனுப்பினார். நிறுவனமும் கொடுத்தது.

இன்னொன்று வேறு வகை. அமெரிக்க நாணயச்சாலை 1 டாலர் நாணயங்களை முகமதிப்புக்கே, அனுப்பும் செலவையும் தானே ஏற்று விற்றது. சிலர் கிரெடிட் கார்டில் வாங்கி, நாணயத்தை வங்கியில் கட்டி, அதே பணத்தில் கார்டு பாக்கியை அடைத்து, கார்டு தரும் மைல்களைச் சேர்த்தார்கள். நாணயம் புழக்கத்துக்கு வரவேண்டும் என்பதுதான் திட்டமே. அது பெட்டியோடு வங்கிக்குப் போனது. 2011இல் கார்டு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். போட்ட பணம் அப்படியே திரும்பும் ஓட்டையை நம்பி நீண்ட திட்டம் போடாதீர்கள். பரிசு அட்டை போன்ற 'பணத்துக்குச் சமமான' வாங்கல்களுக்குப் பல கார்டுகள் புள்ளி தராததும் இதனால்தான்.

பொருளைத் திருப்பிக் கொடுத்துப் புள்ளியை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள்; கழித்துவிடுவார்கள், கணக்கையும் முடக்கக்கூடும். பல பெயர்களில் கணக்குத் திறப்பது ஓட்டையில் சேராது. அது மோசடி.

கேள்வி: இணையத்தில் விலையைத் தவறாகப் போட்டிருந்தார்கள். ஆர்டர் செய்தேன், ரத்து செய்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: 'பொருளை அனுப்பும்போதுதான் ஆர்டரை ஏற்கிறோம்' என்று விதிமுறையில் இருந்தால் உங்கள் வாதம் பலவீனமானது. கட்டிய பணம் முழுவதும் திரும்பி வந்ததா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.