விழித்திரைக்கு அடியில் இரத்தம்: தானாகக் கரையும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: 68 வயதான என் தந்தைக்கு ஒரு நாள் காலையில் செய்தித்தாள் படிக்கும்போது வலது கண்ணின் நடுவில் கருந்திட்டு தெரிந்தது. வலி இல்லை. விழித்திரைக்கு அடியில் இரத்தம் கசிந்திருப்பதாக மருத்துவர் கூறினார். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இரத்தம் தானாகக் கரைந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். நாட்கள் முக்கியம் என்பதால் இதை உங்களுக்குத் தொலைபேசியிலேயே தெரிவித்துவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரத்தம் காலப்போக்கில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பார்வை பறிபோய்விடக்கூடும். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தமக்குப் பின்னால் உள்ள நிறமி அடுக்கையும், அதற்கும் பின்னால் உள்ள இரத்தக்குழாய்களையும் நம்பியே உயிர்வாழ்கின்றன. இடையில் இரத்தம் தேங்கும்போது ஊட்டம் தடைபடுகிறது, இரத்தத்திலுள்ள இரும்புச்சத்து நஞ்சாகிறது, உறைந்து சுருங்கும் கட்டி அந்த மென்மையான செல்களைப் பிய்த்து இழுக்கிறது. முயல்களின் கண்களில் நடத்தப்பட்டு 1982இல் வெளியான ஆய்வு, ஒரே நாளில் இந்தச் சேதம் தொடங்கிவிடுவதைக் காட்டியது.

இந்த வயதில் பெரும்பாலும் காரணம், முதுமையால் வரும் 'ஈர' வகை மாக்குலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவுக்கு அடியில் இரத்தக்குழாய்கள் கசியும் நோய்), அல்லது ஆசியர்களிடம் அதிகம் காணப்படும், மொட்டுப் போல் புடைத்த இரத்தக்குழாய்க் கோளாறு. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், கண்ணின் இரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோகிராமும் இதைத் தெளிவாக்கும். கசிவு மெல்லியதாக இருந்தால், பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற ஊசிமருந்துகளைக் கண்ணுக்குள் செலுத்துவதே பெரும்பாலும் போதும். தடித்த கசிவாக இருந்தால், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரத்தக்கட்டியைக் கரைக்கப் பயன்படும் டிபிஏ மருந்துடன் வாயுக்குமிழியையும் செலுத்தி, நோயாளியைச் சில நாட்கள் முகம் கவிழ்த்து இருக்கச் செய்து, இரத்தத்தை நடுப்பகுதியிலிருந்து விலக்குவார்கள். இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் இதில் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். வாயு முழுவதும் கரையும்வரை விமானப் பயணம் கூடவே கூடாது.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுக்கட்டும்.

பழைய பார்வை முழுமையாகத் திரும்பும் என்று என்னால் உறுதி கூற இயலாது. முகங்களும் எழுத்துகளும் மங்கினாலும், பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் நிலைத்திருப்பதால் வீட்டுக்குள் அவரால் நடமாட முடியும். இப்போது இடது கண்ணைக் காப்பதும் அதே அளவு அவசியம்: தினமும் வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பிகள் வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால், அன்றே விழித்திரை நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.