அப்பா, அம்மா 110 நாள் உலகச் சுற்றுக் கப்பலில் போகிறார்கள். என்னவெல்லாம் தயார் செய்யணும்?

அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. சென்னைவாசிகள், இந்தியப் பாஸ்போர்ட். ஜனவரி இரண்டாவது வாரம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி ஏப்ரல் கடைசியில் அங்கேயே இறங்குகிறார்கள். பெட்டியில் என்னென்ன வைக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை டிசம்பர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே தொடங்க வேண்டியது பாஸ்போர்ட் வேலை.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கும் எழுதியவை. அவர்களுக்கு விசா அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நமக்கு ஓர் ஆண்டு வேலை. வழியில் ஒரே ஒரு நாட்டு விசா குறைந்தாலும் சவுத்தாம்ப்டனிலேயே ஏற்றமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. "அந்த ஊரில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறோம்" என்பதும் எடுபடாது. அமெரிக்கத் துறைமுகம் என்றால் கரையில் கால் வைக்காதவரையும் சேர்த்து எல்லாப் பயணிகளையும் குடிநுழைவு அதிகாரிகள் சோதிப்பார்கள்.

உங்கள் பாதை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: சவுத்தாம்ப்டன், மதேராவின் ஃபுன்ஷால், ஃபுளோரிடா, பனாமா கால்வாய், சான் ஃபிரான்சிஸ்கோ, ஹொனலுலு, ஆக்லாந்து, சிட்னி, யோக்கோஹாமா, ஹாங்காங், சிங்கப்பூர், கொழும்பு, மொரீஷியஸ், கேப் டவுன், தெனெரீஃப், மறுபடி சவுத்தாம்ப்டன். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு உலகச் சுற்றுக் கப்பல்கள் பலவும் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன. பழைய பயண அட்டவணையை வைத்து விசாப் பட்டியல் போட்டால் தென்னாப்பிரிக்கா விடுபட்டுப்போகும். கம்பெனியிடம் கடைசியாகத் திருத்திய அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டி முடித்த பிறகும் பாதை மாறலாம், மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் பாஸ்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். பயணம் முடியும் தேதிக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும். பக்கங்களும் வேண்டும். சாதாரணப் புத்தகம் 36 பக்கம், பெரியது 60 பக்கம். பாதிக்கு மேல் முத்திரை விழுந்திருந்தால் விசா வேலை தொடங்குமுன் 60 பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் எண் மாறும், ஏற்கெனவே வாங்கிய மின்னணு விசாக்கள் எல்லாம் பழைய எண்ணில் நிற்கும்.

அடுத்தது எந்த விசாவை எப்போது எடுப்பது என்ற வரிசை. சிலவற்றுக்குப் பாஸ்போர்ட்டையே கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கணும்: அமெரிக்கா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா), ஜப்பான். ஆஸ்திரேலிய விசா, ஹாங்காங் போகுமுன் செய்யும் வருகைப் பதிவு, இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி (இ.டி.ஏ.) எல்லாம் இணையத்தில் நடப்பவை, புத்தகம் கையிலேயே இருக்கும். மொரீஷியஸுக்கு நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம். அமெரிக்கச் சுற்றுலா விசா (பி1/பி2) பொதுவாக 10 ஆண்டுக்குப் பலமுறை நுழைவாகக் கிடைக்கும். நேர்காணல் தேதிக்குத்தான் காத்திருப்பு அதிகம். அதனால் அதை முதலில் எடுங்கள், ஒரு வருடம் முன்பே எடுத்தாலும் வீணாகாது.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஜனவரி நடுவில் ஃபுன்ஷால் என்றால் ஜூலை நடுவில்தான் கதவு திறக்கும். ஃபுன்ஷால் போர்ச்சுகல், தெனெரீஃப் ஸ்பெயின், இரண்டுமே ஷெங்கன். நடுவில் மூன்று மாதம் வெளியே இருப்பதால் ஒருமுறை நுழைவு விசா வாங்கினால் ஏப்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பலமுறை நுழைவு என்று குறித்து, கப்பல் கம்பெனியின் பயணக் கடிதத்தை இணையுங்கள். இரண்டு நாட்டிலும் தங்கும் நாள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம், அதாவது போர்ச்சுகலிடம் விண்ணப்பம் போகணும். காப்பீட்டில் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு கேட்பார்கள்.

பலர் தடுக்கி விழுவது ஜப்பானில். அவர்களுடைய ஒருமுறை நுழைவு விசா, கொடுத்த நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். மார்ச் 15 யோக்கோஹாமா என்றால், டிசம்பர் 15க்கு முன் ஒட்டிய விசா அங்கே போய்ச் சேரும்போது காலாவதி. அப்பா அம்மா இந்தியாவை விட்டுக் கிளம்புவது ஜனவரி முதல் வாரம். ஆக, கிடைப்பது மூன்றே வாரம், அதிலும் புத்தாண்டை ஒட்டி ஜப்பானியத் தூதரகங்கள் சில நாள் மூடியிருக்கும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் மற்ற எல்லா விசா வேலையும் முடிந்து பாஸ்போர்ட் வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும். முன்பே வெளிநாடு போய்வந்த பதிவு நன்றாக இருந்தால் பலமுறை நுழைவுக்குத் தகுதி உண்டா என்று சென்னையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிடைத்தால் இந்த நெருக்கடியே இல்லை.

ஒரு தாளில் எல்லாத் துறைமுகத் தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விசா எப்போதிலிருந்து எப்போதுவரை எடுக்கலாம் என்று பின்னோக்கிக் கோடு போடுங்கள். புத்தகம் கேட்கும் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது. இ-விசா வாங்கும் இடங்களில் அது கடல்வழி நுழைவுக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள். வியட்நாம் போன்ற நாடுகள் எந்தெந்த வாசல் வழியாக வரலாம் என்று பட்டியலே வைத்திருக்கின்றன.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: எல்லாரும் போட்டாக வேண்டும் என்றும் வேண்டவே வேண்டாம் என்றும் இரண்டு கட்சி உண்டு. கணக்கு 6 நாள்தான். நோய் அபாயமுள்ள நாட்டை விட்டு 6 நாளுக்குள் இந்தியா வந்தால் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். வேறு பல நாடுகளும் இதே கண்ணோடு பார்க்கின்றன. பனாமாவில் இறங்கினால் அடுத்த துறைமுகம் எது, கடைசி வாரத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் போன்ற ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். 60 வயது தாண்டி முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பின்விளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். அதனால் அப்பா அம்மாவின் மருத்துவர் சம்மதம் சொல்லாமல் போடாதீர்கள். போடுவதானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சான்றிதழ் செல்லுபடியாவது ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகு. அதன்பின் ஆயுளுக்கும் செல்லும்.

மருந்து. 110 நாளுக்கு 140 நாள் மருந்து எடுங்கள். இரண்டு பங்காக்கி ஒரு பங்கு கைப்பையில், ஒரு பங்கு பெட்டியில். மருந்துக் கடையில் ஸ்டிரிப்பை வெட்டித் தரவிடாதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை வெட்டில் போய்விட்டால், வெளிநாட்டுச் சுங்கத்தில் அது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. முழு ஸ்டிரிப், பில், மருத்துவர் கடிதம் மூன்றும் வேண்டும். கடிதத்தில் பிராண்ட் பெயர் போதாது, மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கணும். பாரசிட்டமாலையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்றுதான் சொல்வார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், சூடோஎஃபெட்ரின் உள்ள ஜலதோஷ மாத்திரை போன்றவற்றில் ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகள் கடுமை, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரைக்கு இறங்கும்போது அன்றைக்குத் தேவையானது மட்டும் கையில் இருந்தால் போதும்.

இன்சுலின் உண்டென்றால், அறையில் உள்ள குட்டி ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். பல கப்பல்களில் அது பாட்டிலைக் குளுமையாக வைத்திருக்கும், அவ்வளவுதான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மருந்துக்கான ஃபிரிட்ஜும் பயன்படுத்திய ஊசிகளைப் போட ஒரு பெட்டியும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், தருவார்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் அடிக்கடி இரவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அந்த நாள் 25 மணி நேரம். தினம் ஒரு வேளை மாத்திரைக்கு அதனால் பொதுவாகச் சிக்கல் இல்லை, கப்பல் நேரப்படி போட்டால் போதும். ஆனால் ஹொனலுலுவுக்கும் ஆக்லாந்துக்கும் நடுவே சர்வதேச தேதிக்கோடு வரும். செவ்வாய் இரவு படுத்தால் எழுந்திருப்பது வியாழன். கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் புதன் அறை நிறைந்தபடியே இருக்கும். "நேற்று மறந்துட்டோம்" என்று அதையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. ரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து. இப்போதே அம்மாவிடம் டப்பாவைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

பெட்டிக்கு வருவோம். எலெக்ட்ரிக் கெட்டில், தண்ணீர் சூடாக்கும் ராடு, இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது, ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுப்பது) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. வீட்டில் ஒரு கம்பி ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல், அது எர்த்தோடு சேர்ந்தது. கப்பலில் பொதுவாக இரண்டு கம்பியுமே கப்பலின் இரும்பு உடம்போடு சேராமல் தனித்து இருக்கும். சர்ஜ் பாக்ஸுக்குள் கம்பியையும் எர்த்தையும் இணைத்து ஒரு குட்டி உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. கப்பலில் வேறெங்கோ ஒரு எர்த் கோளாறு வந்தால் மின்னழுத்தம் அதன்மேல் ஏறி, சூடாகிப் பற்றிக்கொள்ளும். யு.எஸ்.பி. சார்ஜரும், அமெரிக்க, ஐரோப்பியச் சாக்கெட்டுக்கான அடாப்டரும் போதும். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்பு, காந்தக் கொக்கி பத்து வாங்கிப் போனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம்.

துணி 12 நாளுக்குப் போதும். பல உயர்தரக் கப்பல்களில் சலவை இலவசம் அல்லது நாமே துவைத்துக்கொள்ளும் அறை உண்டு. முறையான உடை கேட்கும் இரவுகளுக்கு அம்மாவுக்குப் பட்டுப்புடவை இரண்டு, அப்பாவுக்கு பந்த்கலா கோட்டு ஒன்று. டக்ஸிடோ தைக்கக் காசை விரயம் செய்யாதீர்கள்.

சைவம் என்றால் 3 மாதம் முன்பே எழுதிக்கொடுங்கள், மீன் சாஸ், ஜெலட்டின், கோழி ஸ்டாக் (கோழியை வேகவைத்த சாறு) கூடாது என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் சூப்பில் ஸ்டாக் வரும். பொடி, ஊறுகாய் கப்பலில் இருக்கட்டும், கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். கப்பல் சாப்பாட்டு மேசையில் எடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து வைத்து நியூசிலாந்தில் இறங்கினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

பணம்: ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் உச்சவரம்பு 2,50,000 அமெரிக்க டாலர். அனுப்பும்போதே டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். பிடித்தது வருமானவரித் தாக்கலில் கழிந்துவிடும், ரசீதைத் தொலைக்காதீர்கள். பெரிய சிக்கல் ஓ.டி.பி. நடுக்கடலில் நம் சிம்முக்கு எஸ்.எம்.எஸ். வரும் என்று நம்ப முடியாது. கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கில் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் எகிறும், அதனால் போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கணும். மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. அனுப்பும் வங்கிக் கணக்கு ஒன்று, பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இரண்டு, கிளம்புமுன் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த கிரெடிட் கார்டு. மின்கட்டணம், சொத்துவரி இரண்டையும் நீங்கள் கட்டிவிடுங்கள்.

"கோடி ரூபாய் இருக்கிறவனுக்கு எதற்கு அறிவுரை" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, வீட்டை விற்று ஒருமுறை போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் ஒரு விசாத் தாளுக்காகப் போகக்கூடாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். துணையை இழந்தவர் தனியாகப் போக நினைத்தால் பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட இருவர் கட்டணம் கேட்கிறார்கள். ஒருவர்தான் சாப்பிடுகிறார், ஒருவர்தான் தூங்குகிறார். நாற்பது வருடம் சேர்ந்து திட்டம் போட்டு, ஒருவர் போன பிறகு மிச்சமிருப்பவர் அந்த ஆசையை நிறைவேற்ற இரட்டைக் காசு கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. தனியாள் அறை வைத்திருக்கும் கப்பல்கள் சில உண்டு, ஆனால் அந்த அறைகள் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கப்பல் கிளம்புவதற்கு 2 நாள் முன்பே லண்டன் போய்விடுங்கள். ஜனவரியில் விமானம் தாமதமானாலும் பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். காப்பீட்டில் ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் உச்சம், ஏற்கெனவே உள்ள பி.பி., சர்க்கரைக்கு உண்டா, கடலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப்போனால் கொடுப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பல் மருத்துவமனை முதலில் நம் கணக்கில்தான் பில் போடும், திரும்ப வாங்குவது நம் பாடு.

கடைசியாக, அப்பாவுக்கு சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று. போன் ஊர் நேரத்துக்குத் தானாக மாறும், கப்பல் தன் நேரத்தில்தான் கிளம்பும், சில துறைமுகங்களில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, கப்பலில் தினமும் தரும் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜென்ட்டின் எண்ணை இறங்குமுன் போனில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.