கஞ்சா இல்லை என்றால் கேஸ் இல்லையா?

தடயவியல் ஆய்வகத்தில் போதைப்பொருள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்டையார்பேட்டை டீக்கடையில் கேட்பதைத்தான் வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கப்பல் வேலைக்குப் போன மச்சான் ஒரு பாக்கெட் கொண்டுவந்திருக்கிறான். மூலிகைத் தூபம், உட்கொள்ள அல்ல என்று அதில் போட்டிருக்கிறது. கஞ்சா இல்லாததால் கேஸ் வராதாம். உண்மையா? (ராயபுரம்)

உட்கொள்ள அல்ல என்கிற வரி சட்டத்தை ஏய்க்கப் போட்டது. உள்ளே இருப்பது ஏதோ ஒரு காய்ந்த இலை. கஞ்சா மாதிரிப் போதை தருகிற செயற்கை கன்னாபினாய்டு ரசாயனத்தை அசிட்டோனில் கரைத்து அதன்மேல் தெளித்து உலர்த்தியிருப்பார்கள். பொரியில் மிளகாய்த்தூள் தூவுகிற மாதிரிதான்: ஒரு பிடி சப்பென்று இருக்கும், அடுத்த பிடி கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இங்கே அந்த அடுத்த பிடியில்தான் ஆளே விழுகிறான். கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி, மூளையில் அது வந்து ஒட்டுகிற ஏற்பிகளை அரைகுறையாகத் தூண்டும். இந்தச் செயற்கை ரசாயனங்களில் பலவும் முழுசாகத் தூண்டிவிடும்.

2008 கடைசியில் ஜெர்மனியில் இதே மாதிரித் தூபம் என்று விற்ற 'ஸ்பைஸ்' பாக்கெட்டுகளைப் பிரித்துச் சோதித்தபோது கிடைத்தது ஜேடபிள்யூஎச்-018. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் டபிள்யூ ஹஃப்மன் ஆராய்ச்சிக்காக உருவாக்கி, தன் இனிஷியலையே வைத்த பொருள் அது. நம் என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டப் பட்டியலில் அதுவும் அதே வகையான ஏஎம்-2201-உம் பெயரோடு இருக்கின்றன. இன்னொன்றையும் மச்சானிடம் சொல்லுங்கள். கலப்படப் பொருள் என்றால் சுத்தமான ரசாயனத்தை மட்டும் பிரித்து எடை போடமாட்டார்கள், மொத்தமும் கணக்கு என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இலையும் தராசில் ஏறும். சட்டம் வணிக அளவு என்று குறித்திருக்கிற எடையைத் தொட்டால் குறைந்தது 10 ஆண்டு. இன்றைக்கே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் செயற்கைச் சரக்குக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம் ஏன்? (சட்டக் கல்லூரி மாணவி, வியாசர்பாடி)

பெயர் சொல்லித் தடை செய்தால், மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றிப் புதுப் பெயரில் வந்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2009 ஜனவரியிலேயே ஸ்பைஸைத் தடுத்தது, உடனே வேறு ரசாயனம் வந்தது. அமெரிக்கா 2011 மார்ச்சில் ஐந்தை அவசரமாகத் தடை செய்து, மறு ஆண்டே ஒரே மாதிரி அமைப்புள்ள வேதியியல் குடும்பங்களை வைத்துச் சட்டம் போட்டது. அயர்லாந்து 2010-இலும் பிரிட்டன் 2016-இலும் மூலக்கூறின் அமைப்பை விட்டுவிட்டு, மனத்தை மாற்றுகிறதா என்ற விளைவைப் பிடித்துக்கொண்டன. நியூசிலாந்து 2013-இல் தலைகீழாக, ஆபத்து குறைவு என்று நிரூபித்தால் விற்கலாம் என்றது. 2014 மே மாதம் தற்காலிக அனுமதிகளை எல்லாம் ரத்து செய்தது. சீனா 2021 ஜூலையில் செயற்கை கன்னாபினாய்டு குடும்பம் மொத்தத்தையும் தடை செய்தது. அந்த வரையறைக்கு வெளியே நிற்கிற மூலக்கூறுகள் உடனே கிளம்பிவிட்டன.

நாம் இன்னும் பெயர்ப் பட்டியலில்தான் நிற்கிறோம். குடும்பத் தடைதான் சரி என்பது என் கட்சி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தரமான மாதிரி கையில் இல்லாமல் எந்த ஆய்வகமும் துணிந்து அறிக்கை எழுதாது. அந்த அவஸ்தை சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

வேப் என்கிற இ-சிகரெட்டில் ஊற்றுகிற திரவத்திலும் இது வருமா? (பெரம்பூர்)

வரும். இந்தியாவில் 2019 முதல் வேப் விற்பனையே குற்றம். பாட்டிலில் எழுதியிருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை.

மகனுக்கு வீட்டிலேயே சிறுநீர் கிட் வைத்துப் பார்த்தேன், கஞ்சா இல்லை என்று காட்டியது. ஆனாலும் வாந்தி எடுக்கிறான், உளறுகிறான். என்ன செய்வது? (கொடுங்கையூர் அம்மா ஒருவர்)

அம்மா, அந்த கிட் டிஎச்சி உடைந்து வருவதை மட்டும்தான் பிடிக்கும். செயற்கைச் சரக்கின் உருவமே வேறு. அதனால் கோடு சுத்தமாகத்தான் விழும். எங்கள் ஆய்வகத்திலும் கஞ்சாவுக்குச் சிவக்கிற சாயச் சோதனையை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. கிட்டை வைத்து அவனோடு சண்டை போடாதீர்கள். உளறல் இருப்பதால் இன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வலிப்பு வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பழக்கத்தை நிறுத்த வழி கேட்க 14446 இலவச எண்.

போலீஸ் பயம் வேண்டாம். தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுப்பவர்மீது, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்தக்கூடாது என்று என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். டாக்டரிடம் 'கஞ்சாதான்' என்று சொல்லிவிடாதீர்கள். கிட் சுத்தமாகக் காட்டியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.