சென்னிக்குத்தும் சத்து மாத்திரையும்: கேட்டவர்களுக்குப் பதில்

வீடு தேனி மாவட்டத்துக் கூடலூர், வேலை மலைக்கு மேலே கேரளாவில், குமுளியில் மருந்துக்கடையில். 22 வருஷமாக லோயர் கேம்ப் மலை ஏறி இறங்குகிறேன். மலைக்குக் கீழே 'ஒத்தத் தலைவலி' என்று கேட்டு வருவார்கள், மேலே 'சென்னிக்குத்து' என்பார்கள். இரண்டுக்கும் கை நீள்வது ஒரே டப்பாவுக்குத்தான். எனக்கும் இருபது வயதிலிருந்து இந்த வலி உண்டு. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கச் சத்து மாத்திரை உதவுமா என்று நீங்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில்.

கம்பத்திலிருந்து ஒரு அக்கா: ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போறேன். மாசத்துல ஆறு ஏழு தடவை வலது பொட்டுல இடிக்குது, வாந்தியும் வருது. மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டா வராதுன்னு சொல்றாங்களே, நெசமா?

வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது அக்கா. குறையலாம். 1996-ல் ஜெர்மனியில் 81 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினம் 600 மி.கி. மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு, மூன்றாவது மாசத்தில் வலி வரும் தடவைகள் 42 சதவீதம் போலக் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 16 சதவீதம் குறைந்தது. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏதோ ஒன்றை நம்பிச் சாப்பிட்டாலே கொஞ்சம் குறையும்.

உங்களுக்கு முக்கியமானது வேறு. மெக்னீசியம் வயிற்றை இளக்கும், ஆக்சைடு வகை இன்னும் கூடுதலாக. தோட்டத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது? அதனால் காலையில் சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 200 மி.கி.யில் ஆரம்பித்து, ஒத்துக்கொண்டால் இரண்டு வாரம் கழித்து 400 ஆக்கலாம். சிட்ரேட், கிளைசினேட் வகைகள் கொஞ்சம் சாதுவானவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது, உடம்பில் மெக்னீசியம் தேங்கிவிடும்.

கேட்காமலே இன்னொன்று. விடியுமுன் ஜீப்பில் ஏறி, பதினோரு மணிக்குத் தூக்குவாளியைத் திறக்கிறவர்கள் நீங்கள். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. வெறும் வயிறும் தண்ணீர்க் குறைவும் இந்த வலியைக் கிளப்பிவிடும். ஜீப் ஏறும் முன் நாலு வாய் பழைய சோறாவது சாப்பிடுங்கள். மாத்திரை அதற்குப் பிறகுதான்.

கூடலூர் தம்பி: டப்பாவில் 'மெக்னீசியம் சிட்ரேட் 1000 மி.கி.' என்று இருக்கிறது. அப்ப 400-க்கு அரை மாத்திரை போதுமா?

போதாது தம்பி. அந்த ஆயிரம் என்பது உப்பின் மொத்த எடை. அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 160 மி.கி.தான். கிளைசினேட்டில் இன்னும் குறைவு, 140 போல. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'எலிமெண்டல்' என்று தனியாக ஒரு கணக்கு இருக்கும், 200, 400 என்று நான் சொல்வது அதைத்தான். அந்த வரி இல்லாத டப்பாவை நான் வாங்க மாட்டேன். இந்தச் சத்து மாத்திரைகள் பெரும்பாலும் மருந்து என்ற கணக்கில் வருவதில்லை, உணவுப் பொருள் உரிமத்தில் விற்கப்படுகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டப்பனையிலிருந்து ஒருவர்: பி2 வைட்டமின் நல்லது என்று படித்து, பி காம்ப்ளெக்ஸ் தினம் நாலு போடுகிறேன். சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. காமாலையா?

காமாலை இல்லை, அது ரிபோஃப்ளேவின், அதாவது பி2-வின் நிறம். நானும் முதல் தடவை பதறிப்போய்க் கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். கண் வெள்ளை மஞ்சளாகாமல் சிறுநீர் மட்டும் பளிச்சென்று இருந்தால் பயம் வேண்டாம்.

ஆனால் நாலு மாத்திரையை நிறுத்துங்கள். பெல்ஜியத்தில் 55 பேரிடம் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள், அதில் கொடுத்த அளவு தினம் 400 மி.கி. மூன்று மாசத்தில் நூற்றுக்கு 59 பேருக்கு வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மாவு மாத்திரைக்காரர்களில் 15 பேருக்கு. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸில் பி2 10 மி.கி. போலத்தான் இருக்கும். 400-ஐ எட்ட நாற்பது மாத்திரை விழுங்க வேண்டும்! அதோடு சேர்ந்து பி6-ம் உள்ளே போகும், அது அளவு மீறினால் கை கால் மரத்துப்போகும், நரம்பு கெடும். பி2 மட்டும் உள்ள தனி மாத்திரையாகக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். இருப்பவற்றில் சாதுவானது இதுதான், நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

உத்தமபாளையம்: கோஎன்சைம் க்யூ10?

இது நம் உடம்பே தயாரிக்கிற ஒரு பொருள், மாத்திரையாகவும் விற்கிறார்கள். 42 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனை ஒன்றில் 100 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை கொடுத்து நல்ல பலன் பார்த்தார்கள். ஆனால் விலை கூட. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தானாக ஆரம்பிக்கக் கூடாது, அந்த மருந்தின் வேகத்தை இது குறைத்துவிடலாம்.

குமுளியிலிருந்து ஒருவர்: ஆன்லைனில் 'பட்டர்பர்' என்று ஒரு மூலிகை. பக்கவிளைவே கிடையாதாம், சேச்சி.

வேண்டாம். அமெரிக்க நரம்பியல் சங்கம் 2012-ல் இதைத்தான் மேல்தட்டில் வைத்தது. கல்லீரல் கெட்ட செய்திகள் வரவும் 2015-ல் அந்தப் பரிந்துரையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பது விற்கிறவர் பேச்சு. ஃபீவர்ஃபியூ என்ற இன்னொரு செடிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் வாய்ப்புண் வரும், கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

வண்டிப்பெரியார்: ராஸ்னாதிப் பொடி என்கிற ஆயுர்வேதப் பொடியை உச்சியில் தேய்க்கலாமா?

என் மாமியார் தேய்ப்பார். இதமாக இருந்தால் தேயுங்கள். அதை நம்பி வேறு எதையும் நிறுத்தாதீர்கள்.

கம்பம், ஜவுளிக்கடை வேலை: தினம் ஒரு வலி மாத்திரை போட்டால்தான் கடையில் நிற்க முடிகிறது. சத்து மாத்திரை சேர்த்துக்கொண்டால் இது குறையுமா?

உங்கள் கேள்விக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை மாசத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்காட்டமின், டிரிப்டான், அல்லது காஃபின் கலந்த கூட்டு மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாசத்துக்கு மேல் போனால் மூளை அதற்குப் பழகிவிடும். மாத்திரை இறங்கும் நேரத்தில் வலி ஏறும். அந்த நிலையில் மெக்னீசியம், பி2 எதைக் கொட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

நானே இதில் விழுந்தவள். கடைக்குள்ளேயே நிற்கிறேன், கை நீட்டினால் மாத்திரை. எர்காட்டமின் கலந்ததை வாரம் நாலு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். விடும்போது முதல் பத்து நாள் நரகம், அப்புறம் இறங்கியது. நீங்கள் தனியாக விட முயல வேண்டாம். தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். புரோபிரனோலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்து தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். எர்காட்டமின் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சளிக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எழுதினால் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். எர்காட்டமினோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் கை கால் ரத்தக் குழாய் சுருங்கிவிடும்.

அதே ஊர், ஒரு அம்மா: மகளுக்கு மாதவிலக்குக்கு முந்தின ரெண்டு நாள்தான் வலி.

அப்படிப்பட்டவர்களுக்கு, விலக்கு தொடங்கின நாளிலிருந்து எண்ணி 15-ம் நாள் மெக்னீசியம் ஆரம்பித்து அடுத்த விலக்கு வரை கொடுக்கிற வழக்கம் உண்டு. மகள் சின்னப் பெண் என்றால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, வளைவு தெரிகிற பெண்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்குமுன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாத ஆபத்து கூடும்.

கூடலூர் அக்கா ஒருவர்: தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன், சேர்த்துப் போடலாமா?

காலையில் தைராய்டு, இரவில் மெக்னீசியம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வண்டன்மேடு: ஏலத்துக்கு மருந்தடிக்கிற அன்னிக்கெல்லாம் மண்டையிடி. எனக்கும் மைக்ரேன்தானா? என்ன சத்து மாத்திரை?

அண்ணே, சத்து மாத்திரையை மறந்துவிடுங்கள். மருந்தடிக்கும் நாளில் மட்டும் தலைவலி, கூடவே வியர்வை, எச்சில் ஊறல், வயிற்றுப் பிசைவு, கண் மங்கல் என்றால் அது பூச்சிமருந்து உடம்பில் ஏறுவது. துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்துப் புட்டியின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

திடீரென்று இடி விழுந்தது போல வந்த தலைவலி, 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இவையும் மருந்துக்கடைக்கு வரவேண்டியவை இல்லை.

சின்னமனூர்: மெக்னீசியம், பி2, க்யூ10 மூன்றையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அதையே வாங்கட்டுமா? எத்தனை நாளில் தெரியும்?

கூட்டு மாத்திரையில் ஒவ்வொன்றும் எத்தனை மி.கி. என்று பாருங்கள், பலதில் பெயருக்குத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகவே ஆரம்பியுங்கள். மூன்று மாசம் ஆகாமல் முடிவு கட்டாதீர்கள், ஆன பிறகும் குறையாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கணக்குக்கு ஒரு தினக்காட்டி போதும். கிழிக்கிற தாளைத் தூர எறியாமல், வலி வந்த நாளில் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு, மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி. மாசக் கடைசியில் எண்ணுங்கள். நான் மெக்னீசியம் தொடங்கியபோது ஒன்பது கோடு இருந்தது, நாலாவது மாசம் ஐந்து. ஆனால் அதே வாரத்தில்தான் ஜீப் ஏறும் முன் இரண்டு இட்லி சாப்பிடவும் ஆரம்பித்திருந்தேன். குறைத்தது மாத்திரையா இட்லியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.