மனத்துக்குள் ஏசும் குரல்

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஓர் எண் தவறினாலும், "மண்டையில் களிமண், நீ உருப்படமாட்டாய்" என்று உள்ளே ஒரு குரல் ஏசுகிறது. பள்ளி நாட்களில் அப்பா சொன்ன அதே சொற்கள். அவர் கெட்டவர் இல்லை. லாரி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தவர். இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், கணக்கை அழித்து அழித்து எழுதியபடி "நான் மக்கு" என்று முணுமுணுக்கிறாள். நான் அவளை ஒருநாளும் ஏசியதில்லை. இது எங்கிருந்து வந்தது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்களிடமிருந்தே வந்திருக்கலாம், அம்மா. சாவியைக் காணவில்லை என்றால், குழம்பில் உப்புக் கூடிவிட்டால், உங்களை நீங்களே என்ன சொல்லித் திட்டிக்கொள்கிறீர்கள்? பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1934இல் வெளிவந்த நூலில் இதை விளக்கியிருக்கிறார். பெரியவர்களிடம் பேச்சைக் கற்கும் குழந்தை, முதலில் தனக்குத்தானே வாய்விட்டுப் பேசும். பிறகு அந்தப் பேச்சு ஒலியடங்கி உள்ளே போய்விடும். உங்கள் மகளின் பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அது நல்லது, இப்போதே நீங்கள் குறுக்கிடலாம்.

நான் தமிழ்ப்பள்ளியில் வகுப்பெடுத்த காலத்தில், தாள் கிழியும்வரை அழிப்பானால் தேய்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வரும். தவறைக் கண்டால்தான் நடுக்கம். ஆகவே "இல்லை, நீ கெட்டிக்காரி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "எந்த இடத்தில் சிக்குகிறது? பத்துகள் இடத்தில் கடன் வாங்கினாயா?" என்று கேளுங்கள். நாளை தனியாக உட்காரும்போது அவளே தன்னிடம் அப்படிக் கேட்டுக்கொள்வாள்.

உங்களுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவதற்குமுன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்துத் தமக்குள் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. எண் தவறும்போது உங்கள் பெயரைச் சொல்லி, பக்கத்து மேசைத் தோழியிடம் பேசும் தொனியில் பேசிப் பாருங்கள். பழைய குரல் ஒரே நாளில் ஓயாது. விடாமல் செய்யுங்கள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. அப்பாவின் உழைப்புக்கு நன்றியோடு இருங்கள். பழையதைக் கிளறிச் சண்டை போடவும் வேண்டாம். ஆனால் பேத்தியின் கணக்குப் புத்தகம் அவர் கைக்குப் போகுமுன், "அப்பா, பிள்ளையைக் களிமண் என்று சொல்லாதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.