கூடத்தில் படுக்கும் பிள்ளை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவு 11 மணி வரை படித்ததைக் காலையில் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். 4 மணிக்கே எழுப்பிவிட்டும் பலனில்லை. எட்டாவது படிக்கும் மகனுக்குச் சிறு சத்தத்திலும் தூக்கம் கலைந்துவிடும் என்பதால் உள்ளறையில் அவன் படுக்கிறான், இவள் கூடத்தில். அங்கே அவள் அப்பா டி.வி.யை அணைக்க 12 மணி ஆகும். ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் கொடுக்கலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: லேகியம் இருக்கட்டும். மகனுக்குத் தூக்கம் கலைந்துவிடும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தூக்கத்தின் அருமை தெரிந்தவர்தான் நீங்கள். அதை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதில்தான் ஓரவஞ்சனை செய்திருக்கிறீர்கள். பொதுத்தேர்வு எழுதப் போகிறவள் கூடத்தில், எட்டாவது படிக்கிறவன் கதவடைத்த அறையில்!

படித்த பாடம் முதலில் மூளையின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸின் துணையோடு தற்காலிகமாகப் பதிகிறது. பிறகு, இரவின் முதல் பாதியில் மிகுதியாக வரும் ஆழ்ந்த உறக்கத்தில், அந்தப் பதிவுகள் மீண்டும் மீண்டும் உயிர்பெற்று, மூளையின் வெளியடுக்கான புறணியில் கொஞ்சம் கொஞ்சமாக நிலைபெறுகின்றன. விழித்து நடமாடியபோது ஒன்றாக இயங்கிய நரம்பணுக்கள் உறங்கும்போதும் ஒன்றாக இயங்குவதை 1994இல் வில்சன், மெக்நாட்டன் என்னும் ஆய்வாளர்கள் இருவர் எலிகளிடம் கண்டறிந்தார்கள். உங்கள் மகளுக்கோ அந்த முதல் பாதியை டி.வி. கெடுக்கிறது, கனவுறக்கம் மிகுந்து வரும் பின்னிரவை, 4 மணிக்கு எழுப்பி நீங்களே பறிக்கிறீர்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அவளுக்கு வாய்ப்பது அதில் பாதி.

உழைத்துக் களைத்து வருகிறவர் டி.வி. பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை படுத்திருக்கும் இடத்தில் நள்ளிரவு வரை பார்க்கலாமா என்று அவரிடம் கேட்க நீங்கள் தயங்குகிறீர்கள், அந்தத் தயக்கத்தின் விலையை மகள் கொடுக்கிறாள். கணவரின் மனம் கோணாமல் நடப்பதைவிட, பெற்ற பிள்ளைகளைச் சமமாக நடத்துவதே தாயின் முதல் கடமை என்பேன். வல்லாரையைத் துவையல் அரைத்து எல்லோருமே சாப்பிடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இன்றே மகளின் பாயையும் தலையணையையும் உள்ளறைக்கு மாற்றி, 10 மணிக்குப் படுக்கவிட்டு, 6 மணிக்கு எழுப்புங்கள். மகன் கூடத்தில் படுக்கட்டும். அவன் அப்பா எத்தனை மணிக்கு டி.வி.யை அணைக்கிறார் என்று பாருங்கள்.